இடைவேளை வரை பார்த்த படம்

குணாவுக்கு வாய் சும்மா இருக்காது. எந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும், எந்தப் பாட்டைக் கண்ணை மூடிக் கேட்க வேண்டும், எந்தப் படத்தை விடவே கூடாது என்று கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பாதிப் பேருக்கு அவன்தான் சொல்வான். பாக்கியநாதனின் பன்னிரண்டு வயது மகள் காய்ச்சலில் இறந்தபோது, பக்கத்து மெஷினில் நிற்கும் அவரைத் தேற்றும் வேலையையும் அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

மூன்று மாதமாகப் பாட்டு அனுப்பினான். சிரிப்புக் கதைப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தான். டப்பாவில் மட்டன் சுக்கா கொண்டுவந்தான். பாக்கியநாதன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாரே தவிர முகம் மாறவில்லை. கடைசியாகப் போன சனிக்கிழமை ஒரு படம் சொன்னான். "ஒரு குடும்பம் டூர் போவுதுண்ணா. சிரிச்சி சிரிச்சி வயிறு நோவும். அண்ணியையும் உக்கார வச்சிப் பாரு."

திங்கட்கிழமை பாக்கியநாதன் வேலைக்கு வரவில்லை. கேன்டீனில் குணா சொன்ன விஷயத்தைக் கேட்ட, கூட வேலை செய்யும் ரம்யா தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அந்தப் படத்தையா சொன்ன? செகண்ட் ஆஃப்ல அந்தச் சின்னப் பொண்ணு செத்துடுமே குணா."

குணாவுக்கு அது தெரியாது. செவ்வாப்பேட்டையில் அவன் ஏறும் கம்பெனி பஸ்ஸில் காலையில் படம் ஓடும். இடைவேளை வரும்போது கம்பெனி கேட் வந்துவிடும். சாயங்காலம் எல்லோரும் தூங்கிவிடுவதால் டிரைவர் டிவி போடமாட்டார். மறுநாள் வேறு படம். குணா ஊருக்கெல்லாம் சொன்ன படங்களில் முக்கால்வாசி இப்படிப் பாதி பார்த்தவைதான். இதுவரை மாட்டிக்கொண்டதில்லை.

ஷிப்ட் முடிந்ததும் ரயில் பிடித்து மீஞ்சூரில் இறங்கினான். கதவைத் திறந்த பாக்கியநாதனின் மனைவி ரோசம்மாளின் கண்கள் வீங்கியிருந்தன. உள்ளே பாக்கியநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிடுண்ணா. நான் பாதிதான் பார்த்தேன். தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் குணாவுக்கு இன்னும் வலித்தது.

"படத்த உடுப்பா," என்றார். "அதுல அந்தப் பொண்ணு பேர சொல்லி சொல்லி எல்லாரும் அழறாங்க. நாங்களும் கூட சேர்ந்து அழுதோம். நீ மூணு மாசமா பாட்டு சொன்ன, கறி குடுத்த. எங்க பொண்ணு பேர மட்டும் ஒரு வாட்டி கூட சொல்லல. கம்பெனில யாருமே சொல்லல. அப்படி ஒருத்தி இருந்தாளான்னே எனக்கு சந்தேகமா பூட்ச்சி."

குணா தலை குனிந்தான். மனிதர் சொல்வது நிஜம். அந்தப் பெயரைச் சொல்லப் பயந்துதான் அவன் மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சோனியா," என்றான். "போன கிறிஸ்மஸ்க்கு கேக்கு எடுத்துக்கினு வந்து, எனக்கு மட்டும் பெரிய துண்டா குடுத்திச்சிண்ணா. யார்கிட்டயும் சொல்லாத சித்தப்பான்னு சொல்லிச்சி."

ரோசம்மாள் அப்படியே அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள். "இன்னும் இன்னா சொல்லிச்சி?"