அழகம்மா என்ற கடவுச்சொல்

அன்று காலை ஜெயபுரத்தில் என் வீட்டு முன்னறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்வராசா ஆகிய நான். என் மகள் பிரேமிளா. என் தம்பி ராசு. பக்கத்து வளவு புனிதம். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர், சமையலுக்குக் கேட்டிருந்த பெரிய கிடாரத்தைக் கொடுக்க வந்து நின்றுவிட்டார். சுவரில், மாலை போட்ட படத்தில், என் மனைவி அழகம்மா. என் மகன் கிருபன் கட்டாரில் இருந்தான். அவனை இந்தக் கணக்கில் சேர்ப்பதா என்பதை வாசிக்கிறவர்களே முடிவு செய்யட்டும்.

அழகம்மாவின் முப்பத்தோராம் நாள் நெருங்கியிருந்தது. எங்கள் பெரியவர்கள் பதினாறாம் நாள் கருமாதியோடு நிறுத்திக்கொண்டவர்கள். மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்த பிறகு முப்பத்தொன்றையும், அன்று வருகிறவர்களின் கையில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தையும் நாங்களும் ஏற்றுக்கொண்டோம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், நன்றியுரை. எங்களைப் போன்ற குடும்பங்களைப் பற்றி அச்சில் நிற்பது பெரும்பாலும் அது ஒன்றுதான்.

செத்தவீட்டுக்கு வந்திருந்த கிருபன், திரும்பிப் போவதற்கு முன் எங்கள் வீட்டுப் பழைய கணினியில் புத்தகம் முழுவதையும் அமைத்து அச்சகத்துக்கு அனுப்பியிருந்தான். முதல் நாள் மாலை கிளிநொச்சியிலிருந்து மாதிரிப் பக்கம் வந்தது. முதல் வரியே, ‘ஜெயபுரத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட’ என்று இருந்தது.

அழகம்மா மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு என்னோடு இந்தக் காட்டுக்கு வந்து குடிசை போட்டவள். ‘தோட்டக்காட்டார்’ என்று இளக்காரமாக முகத்துக்கு நேரே சொன்னவர்கள் நின்ற கிணற்றில், தலை குனியாமல் தண்ணீர் அள்ளியவள். அவள் பிறப்பிடத்தை மறைத்து அச்சடிக்க நான் விடப்போவதில்லை. ஆனால் அச்சகக்காரர், பகல் பன்னிரண்டுக்குள் திருத்திய பிரதி வராவிட்டால் கையில் இருப்பதையே அடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

“உட்டுருண்ணே. ஒரு சொல்லுதானே. யாரு பார்க்கப் போறா?” என்றான் ராசு.

“பார்க்கிறதுக்குத்தானே அச்சடிக்கிறோம்.”

பிரேமிளா கணினியைத் திறந்து அந்த வரியைத் தொட்டாள். படம் அடுத்த பக்கத்துக்கு ஓடியது. தேவாரம் பாதியில் அறுந்தது. அவள் பயந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, ராசுவின் தொலைபேசியில் அண்ணனை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

“ஒண்டையும் தொடாதை. நான் அங்க வந்து செய்யிறன்” என்றான் கிருபன்.

“பன்னிரண்டு மணிக்குள்ளயோ?” என்றார் புனிதம். “கட்டாரில இருந்து ஆர் தம்பி பிளேன் ஓட்டுறது, நீயோ?”

அவன் சிரித்துவிட்டு விளக்கினான். இரண்டு கணினியிலும் ஒரே மென்பொருளைப் போட்டால் எங்கள் திரை அவனுக்கு அங்கே தெரியுமாம். அவன் கை அசைவது இங்கே நடக்குமாம். நான் நம்பவில்லை. ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் எங்கள் கணினி அதை ஏற்க மறுத்தது. எங்களுடையது பழைய விண்டோஸ். புதிய மென்பொருள் அதில் ஓடாது. கிருபன் பழைய பதிப்பு ஒன்றைத் தேடி அனுப்பினான். அதைப் போட்டதும், “அண்ணா, ஏதோ தீச்சுவராம், மறிக்குது. விடவோ எண்டு கேக்குது” என்றாள் பிரேமிளா. “விடு, விடு” என்றான் அவன். இங்கே சரியானதும் அங்கே பிழை வந்தது. அவனுடையது அப்பிள் கணினி. அவனிடம் இருந்த புதிய பதிப்பு எங்கள் பழையதோடு பேசாதாம். அவனும் பழையதை இறக்கினான். தெரியாத ஆள் செய்த மென்பொருளைத் திறக்கமாட்டேன் என்று அவனுடைய கணினி அடம்பிடித்தது. அமைப்புகளுக்குள் போய் அனுமதி கொடுத்து வந்தான்.

“ஊருக்கு வரயில நம்மளையும் ஆமிக்காரன் இப்படித்தான் சோதனைச்சாவடியில நிப்பாட்டுனான்” என்றான் ராசு.

இணைப்புக்கு ஒவ்வொரு முறையும் எங்கள் திரையில் ஒரு புது இலக்கம் வந்தது; அதை அவன் அங்கே அடித்தால்தான் உள்ளே வரலாம். பிரேமிளாவின் தொலைபேசியில் இருந்துதான் இணையம் எடுத்தோம். முப்பத்தொன்றுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டு ஓமந்தையிலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் உறவினர்கள் அதற்கே அழைத்தார்கள். அழைப்பு வந்தால் இணையம் அறும். இணையம் அறுந்தால் இலக்கம் மாறும்.

“இது சரிவராது. மாறாத கடவுச்சொல் ஒண்டு போடு பிரேமி” என்றான் கிருபன்.

“என்னத்தைப் போடுறது?”

“அம்மா பேரைப் போடு” என்றேன் நான்.

அவள் அடித்தாள். எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிகள்தான் தெரிந்தன. “போட்டிட்டன் அண்ணா. அம்மான்ர பேர்.”

கிருபன் தன் கணினியில் தமிழில் அழகம்மா என்று அடித்தான். பிழை என்றது. ஆங்கில எழுத்தில் அடித்தான். அதுவும் பிழை. இன்னொரு விதமாக அடித்தான். சற்றுப் பொறுத்து வரும்படி சொல்லி மென்பொருள் வாசலை மூடிவிட்டது.

“அண்ணி பேரையே பிழைங்குதா இது? அதுவும் அண்ணி வீட்டுல இருந்துகிட்டு!” என்றான் ராசு.

நேரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. பிரேமிளா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ அண்ணா. நான் பாமினியிலயெல்லோ அடிச்சனான்!”

அவள் கிளிநொச்சியில் ஒரு கடையில் தட்டச்சு வேலை செய்கிறவள். நாள் முழுவதும் பாமினி எழுத்துருவில் அடித்த கை. அந்த எழுத்துருவில் ஆங்கில விசைகளைத்தான் அழுத்த வேண்டும். திரையில் அவை தமிழாகத் தெரியும். கடவுச்சொல் பெட்டியில் எழுத்துரு கிடையாது. அழகம்மா என்று நினைத்து அவள் அழுத்திய விசைகள் மட்டுமே உள்ளே போயிருந்தன. வெறுந்தாள் ஒன்றைத் திறந்து அதே விரல்களால் அடித்துக் காட்டினாள்.

mofk;kh

அது என் மனைவியின் பெயர். புனிதம் எட்டிப் பார்த்து, “இதென்னடி, அழகம்மா அக்கா இப்பிடியே உள்ளுக்க இருக்கிறா?” என்றார்.

தொலைபேசியைக் கையில் எடுத்து நானே வாசித்தேன். “எம். ஓ. எஃப். கே. செமிகோலன். கே. எச்.” வாழ்ந்த காலமெல்லாம் அவளை ‘இந்தா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னது அன்றுதான்.

வாசல் மறுபடி திறக்கும் வரை காத்திருந்து அவன் அடித்தான்.

திரை ஒருமுறை இருண்டு தெளிந்தது. பிறகு, அம்புக்குறி அசைந்தது.

பிரேமிளா இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள். சுட்டியை யாரும் தொடவில்லை. அது மேசையில் அப்படியே கிடந்தது. அம்புக்குறி மட்டும் வழி தெரிந்த ஆள் வீட்டுக்குள் நடப்பதுபோல நேரே போய்ப் புத்தகத்தைத் திறந்தது. புனிதம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ராசு எழுந்து நின்றான். நானும் எழுந்து நின்றேன். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெரிய மனிதர் ஒருவர் உள்ளே வந்தால் எழுந்திருப்போமே, அப்படி எழுந்தேன்.

அம்புக்குறி அழகம்மாவின் படத்தின் மேல் போய்ச் சிறிது நேரம் நின்றது. அவன் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அந்த முதல் வரிக்கு வந்து மறுபடியும் நின்றது.

“அப்பா” என்றான் தொலைபேசியில். “நான் தெரிஞ்சுதான் ஜெயபுரம் எண்டு போட்டனான். சனம் கதைக்கும் எண்டு.”

“கதைக்கட்டும். உங்கம்மா மஸ்கெலியாவுல பொறந்தா. நான் கூட்டிக்கிட்டு வந்தேன். இதுல ஒளிக்க என்னா இருக்கு?”

திரையில் அந்தச் சொல் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. அழிந்த இடத்தில் புதிய எழுத்துகள் வரத் தொடங்கின. விசைப்பலகையைப் பார்த்தேன். ஒரு விசைகூட அமுங்கவில்லை. திரையைப் பார்த்தேன். ‘மஸ்கெலியாவைப் பிறப்பிடமாகவும் ஜெயபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட’ என்று வரி நிறைந்தது. படம் ஓடவில்லை. தேவாரம் அறவில்லை. கடல் தாண்டி இருக்கிற என் மகனின் கை என் மேசையில் வேலை செய்து, அவன் அம்மாவின் ஊரைத் திருப்பிக் கொடுத்தது. இந்த வயதில் எத்தனையோ பார்த்துவிட்டேன். இதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை.

பன்னிரண்டுக்கு முன் அச்சகத்துக்குப் பிரதி போய்ச் சேர்ந்தது. அனுப்பி முடித்தபின் அம்புக்குறி இன்னொருமுறை படத்தின் மேல் போய் நின்றது. “வாறன் அப்பா” என்றான். திரை வெறும் திரையானது.

முப்பத்தோராம் நாள் எல்லோர் கையிலும் புத்தகம் இருந்தது. மஸ்கெலியா என்ற சொல்லைப் பலர் விரல் வைத்து வாசித்ததைக் கண்டேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பந்தியில் சோறு பரிமாறி முடிவதற்குள் வேறொரு கதை பந்தல் முழுக்கப் போய்விட்டது. ஆளில்லாமல் கணினி அசைந்ததாம். அழகம்மாவே வந்து, தன் பிறந்த ஊரைத் தானே எழுதிவிட்டுப் போனாவாம். இப்போது ஓமந்தை வரை அப்படித்தான் சொல்கிறார்கள்.

அது பிழை. அழகம்மா வரவில்லை. எழுதியவன் என் மகன் கிருபன். கட்டாரில் இருந்து எழுதினான்.