நூற்று முப்பத்தெட்டு வரை

கல்யாணப் பேச்சு தொடங்கியபோதே டீச்சர் சொல்லிவிட்டாள். "எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடறேன், இருந்தாலும் வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை வந்துரும். யோசிச்சுச் சொல்லுங்க."

பெண் பார்க்க வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் காபி ஆறுவதற்குள் யோசித்து முடித்துவிட்டான்.

கல்யாணமான மறுவாரமே பாடம் ஆரம்பமானது. அவள் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். புருஷனுக்கும் அதே முறைதான்.

"நான் கீழ விழுந்துட்டேன். முதல்ல என்ன செய்வீங்க?"

"தூக்குவேன்."

"தப்பு. இடிக்கிற சாமானை நகர்த்தணும். தலைக்கு அடியில மெத்துனு எதையாவது வைக்கணும். கை காலை?"

"அழுத்திப் பிடிச்சுக்கணும்."

"பிடிக்கவே கூடாது. வாயில?"

"ஸ்பூன்."

"முட்டை."

"முட்டையா வைக்கணும்?"

"உங்க மார்க்கைச் சொன்னேன். வாயில ஒண்ணுமே வைக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். மணி பார்க்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்."

அவன் மனப்பாடம் செய்தான். பத்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெத்தை வாங்க ஒரு ஃபர்னிச்சர் கடைக்குப் போனார்கள்.

விற்பனையாளர் ஒரு மெத்தையைத் தட்டித் தட்டி அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இது ரொம்ப..." என்று ஆரம்பித்த டீச்சர் அதை முடிக்கவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கட்டிலுக்கும் குட்டி மேசைக்கும் நடுவே விழுந்தாள். உடம்பு விறைத்தது, பிறகு வெட்டி வெட்டி இழுத்தது.

அவன் அப்படியே நின்றான். அவள் முகம் அவள் முகமாக இருக்காது என்பது பாடத்தில் இல்லை.

விற்பனையாளர் டீத் தட்டிலிருந்து ஸ்பூனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "சார், பல்லுக்கு நடுவுல வைங்க!"

ஸ்பூனைக் கண்டதும் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

"வேண்டாம்! வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது!"

மேசையைத் தள்ளினான். கடையில் இருநூறு தலையணைகள் இருந்தன. எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. சட்டையைக் கழற்றி, மடித்து, அவள் தலைக்கு அடியில் வைத்தான். அதற்குள் பருமனான ஒரு வாடிக்கையாளர் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விட்டுருங்க சார்."

"பிடிக்கலைன்னா அடிபடும் தம்பி."

"பிடிச்சாத்தான் அடிபடும்."

மனிதர் விட்டார். அவன் அவளை மெதுவாக ஒருக்களிக்க வைத்தான். அடுத்தது மணி. சுவரில் பன்னிரண்டு கடிகாரங்கள் விற்பனைக்குத் தொங்கின. ஒன்றிலும் பேட்டரி இல்லை. பன்னிரண்டும் பத்து பத்து காட்டின. சட்டைப் பையில் செல்போன் இருந்ததே டாக்ஸியில் ஏறிய பிறகுதான் அவன் நினைவுக்கு வரப்போகிறது. ஆகவே வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான்.

இருபத்து மூன்றில் அவள் முகத்தைப் பார்த்தான்; அடுத்த எண் வரவில்லை.

"இருபத்தி நாலு" என்றார் கையில் வேலை இல்லாத பருமனானவர். "இருபத்தி அஞ்சு" என்றார் ஸ்பூன்காரர். எதுவும் செய்யக்கூடாது என்று சொல்லப்பட்ட கூட்டம் ஒரு வேலை கிடைத்த நிம்மதியில் உரக்க எண்ணியது. நூற்று முப்பத்தெட்டில் இழுப்பு நின்றது. "நூத்தி முப்பத்தி ஒம்போது" என்று யாரோ பழக்கதோஷத்தில் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்தாள். "யாரு சத்தம் போட்டது?"

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"உனக்கு வந்துச்சு, போயிருச்சு" என்றான் அவன். "நான் இங்கயேதான் இருக்கேன்."

ஒருவர் தண்ணீர் நீட்டினார். "நல்லாத் தெளியட்டும் சார், அப்புறம் குடிக்கட்டும்" என்று அவன் தடுத்தான்.

விற்பனையாளர் 'உட்காராதீர்கள்' என்ற அட்டையை எடுத்துவிட்டு, கடையிலேயே விலை கூடிய மெத்தையைக் காட்டினார். டீச்சர் அதில் முக்கால் மணி நேரம் தூங்கினாள். புதிதாக உள்ளே வந்த ஒரு தம்பதி அவளைப் பார்த்துவிட்டு அதே மெத்தையின் விலையை விசாரித்தார்கள்.

வீட்டு வாசலில் அவன் நீட்டிய சாவி பூட்டுக்குள் நுழைய மறுத்தது. அவள் வாங்கித் திறந்தாள்.

"எல்லாரும் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க."

"சிரிச்சாங்களா?"

"எண்ணினாங்க."

"நீங்க பயந்துட்டீங்களா?"

"ரொம்ப" என்று சொல்லிவிட்டு அவன் படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாக்கைக் கடிச்சிருக்கேன்" என்றாள். "காரமில்லாம ஏதாவது செய்ங்க."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.