ஏணி வளர்ந்த காலை

அந்த நாலு மாடிக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க மாப்பிள்ளை மேலே ஏறியிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவருடைய மச்சான். தெருவில் அவருக்கு ஊசி என்று பெயர்; குத்தாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். தங்கையைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளையைக் குத்துவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

மூன்றாவது மாடியைத் தாண்டியதும் மாப்பிள்ளை கீழே பார்த்துத் தொலைத்தார். கால் இரண்டும் வெடவெடக்க, ஏணியைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"மச்சான், கால் வர மாட்டேங்குது!"

"உன்னை நம்பி ஏணி போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

ஊசி பிடித்திருந்த ஏணிப்படி விருட்டென்று அவர் தலைக்கு மேலே போனது. காலடியில் புதிதாக ஒரு படி, ஆணியோடு முளைத்திருந்தது.

"பயந்தாங்கொள்ளி!" என்றார், பழக்கதோஷத்தில். இன்னும் இரண்டு படி.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "விழப்போறான் பாரு", "தேறாத கேஸ்" என்று ஆளுக்கொன்று எடுத்துவிட, ஏணி மளமளவென்று வளர்ந்தது. மரியாதைக்குச் சுவரும் கூடவே வளர்ந்தது. பறவைகளுக்கும் மேலே போன மாப்பிள்ளையைத் தலையிலிருந்து இடுப்புவரை மேகம் மூடிக்கொண்டது. கால்கள் மட்டும் நடுங்குவது தெரிந்தது.

"எல்லாரும் வாயை மூடுங்கய்யா!" என்றார் ஊசி. முதல் தடவையாகத் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

பிறகு, "நீ சிங்கம் மாப்பிள்ளை!" என்று கத்திப் பார்த்தார். ஏணி அசையவில்லை. அதற்குக் காக்காய் பிடித்தால் ஆகாது போலும்.

உள்ளதைச் சொல்வது ஊசிக்குப் புது வேலை.

"நீ பெயின்ட் அடிச்ச என் வீட்டுச் சுவரை, வேலை முடிஞ்சு வந்து தினமும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். உன்கிட்ட சொன்னதில்ல."

ஒரு படி மண்ணுக்குள் இறங்கி மறைந்தது.

"தங்கச்சி படுத்துக் கிடந்தப்ப அவ தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டது யாரு? அண்ணன்காரனா? நீதானே!"

சரசரவென்று படிகள் இறங்கின.

"எங்க பால்கனிக் கதவு இறுகிப்போனப்ப கூப்பிடாமலே வந்து சரிபண்ணிக் குடுத்தாரு," என்றாள் இரண்டாம் மாடிக்காரி.

மேகம் அவரை மெல்ல விட்டுக்கொடுத்தது. தலையெல்லாம் நீர் பளபளக்க, ஒரு காலைக்கூட எடுத்து வைக்காமல், வெயிலுக்குள் மாப்பிள்ளை இறங்கி வந்தார். ஊசி இரண்டு கையையும் நீட்டி அவரை வாங்கித் தரையில் நிறுத்தினார்.

சுவர் பழைய உயரத்தில் நின்றுகொண்டது. ஏணி நிற்கவில்லை, முழங்கால் உயரத்துக்கு வந்துதான் ஓய்ந்தது.

மாப்பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "மேல கொஞ்சம் பாக்கி இருக்கு மச்சான். ஏணி இப்படி ஆயிடுச்சே?"

"அதுக்கென்ன, நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுங்க, வளந்துடும்," என்றார் கட்டடத்துக்காரர்.

யோசனையில் தப்பில்லை. ஊசியின் நாக்கு நுனியில் முதல்தரமான குத்தல் ஒன்று தயாராகவும் இருந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"நீ நிழல்ல உக்காரு மாப்பிள்ளை. அடுத்த தெருவுல ஒரு ஏணி இருக்கு, போய்த் தூக்கிட்டு வர்றேன்."