எழிலரசி சொல்லாத சாவு

எழிலரசியின் குரலைக் கேட்டால் கடலூர் முதுநகரில் ஆட்கள் செருப்பைத் தேடுவார்கள். ஆட்டோவின் தலையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் வரும். செத்தவர் பெயர், தெரு, எடுக்கும் நேரம் மூன்றும் காதில் விழுந்தால் போதும், மாலை வாங்கக் கிளம்பிவிடலாம். உண்மையா என்று யாரும் யாருக்கும் போன் போட மாட்டார்கள். "எழிலு சொல்லிடுச்சு" என்றால் முடிந்தது.

அவள் இருப்பது சிதம்பரம். புகுந்த வீடுதான் முதுநகர். கீழவீதிக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் செந்தமிழ்செல்வன் வைத்திருக்கும் ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை. புவனகிரியிலிருந்து கடலூர் வரை ஓடும் மைக் ஆட்டோக்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் பதிவு போகும். புடவைத் தள்ளுபடி, பள்ளிக்கூட அட்மிஷன், கோயில் திருவிழா என்று எல்லாமும் பேசுவாள். ஆனால் ஊர் அவளை நம்பியது சாவுச் செய்தியில். அதற்குக் காரணம் அவளுடைய ஒரு பிடிவாதம். செத்தவர் வீட்டு ஆள் ஒருவர் வாயால் தன் காதில் கேட்காமல் அவள் மைக் முன்னால் உட்கார மாட்டாள். போனிலாவது பேசியாக வேண்டும். அழுதுகொண்டே சொன்னாலும் விடமாட்டாள். "எப்பங்க ஆச்சி? பக்கத்துல யாரு இருந்தா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் பெயரைச் சொல்லுவாள்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் சென்னைக் கம்பெனியிலிருந்து வினோதினி என்ற பெண் வந்தாள். எழிலரசியின் குரலை உரிமம் போட்டு வாங்கிக்கொள்வார்களாம். பிறகு கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்ததை எழிலரசி மாதிரியே மிஷின் பேசுமாம்.

"ஒங்க குரலுக்கு எப்பவும் நீங்கதான் ஓனர் அக்கா," என்றாள் வினோதினி.

"அப்ப எதுக்கு எங்கிட்டேந்து வாங்கற?"

"வாங்கல. வாடகைன்னு வச்சிக்கங்க."

"வாடகைக்கு விட்ட வூட்ல குடித்தனக்காரன் என்னா பண்றான்னு ஓனருக்கு தெரியுமா?"

"இந்த வூட்ல தெரியும். மிஷின் பேசற ஒவ்வொரு வரியும் ஒங்க போனுக்கு வரும். எது பேசக் கூடாதுன்னு நீங்க சொல்லுங்க, அத அது பேசாது. புடிக்கலன்னா எப்ப வேணாலும் நிறுத்திடலாம்."

எழிலரசி யோசித்துச் சொன்னாள். கட்சி வேண்டாம். வட்டிக்கடை வேண்டாம். மூலம், பௌத்திரம் வேண்டாம். சாவு வேண்டவே வேண்டாம்.

வினோதினி எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு எழுதிக்கொண்டாள். எழிலரசி கேட்காத சங்கதிகளைக்கூட அவளே எடுத்துச் சொன்னாள். இதில் உங்களுக்கு என்ன நஷ்டம், எந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம். தன் சரக்கின் குறையைத் தானே சொல்லும் வியாபாரியை எழிலரசி அதுவரை பார்த்ததில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது. வினோதினி வாங்கி வந்த பால்கோவாவை அவள் பிரிக்காமல் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டாள்.

சோதனைக்காக எழிலரசியை நாள் முழுக்கப் பேசவைத்துப் பதிவு செய்து, ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் மிஷினைப் போட்டுக் கொடுத்தார்கள். நகைக்கடை விளம்பரம் ஒன்றை அது பேசிக் காட்டியது. "ஒன்ன மாதிரியேதான் இருக்கு தங்கச்சி," என்றார் செந்தமிழ்செல்வன். எழிலரசிக்கு முதுகில் ஈரத்துணி பட்டது போல இருந்தது. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று பேச்சு.

சாவு பேசாது என்கிறார்கள். பேசாது என்று யார் சொன்னது? அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். இந்த எண்ணம் அவளைத் தூங்கவிடவில்லை. அவள் சொல்லாத ஒரு சாவை அவள் குரல் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். அப்புறம் அவள் எதைச் சொன்னாலும் முதுநகரில் ஒருவரும் செருப்பு மாட்ட மாட்டார்கள்.

கையெழுத்துப் போட வேண்டிய நாளும் வந்தது. அன்று காலை அவள் கொழுந்தன் பக்கிரி, முதுநகரில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவன், சாமான் வாங்கச் சிதம்பரம் வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் அவனை உட்காரவைத்துத் திட்டத்தைச் சொன்னாள். வெளியூர் ஆள் மாதிரி ஸ்டுடியோவுக்குப் போன் பண்ண வேண்டும். சாவு விழுந்துவிட்டது, எழிலரசி குரலிலேயே வேண்டும், அவசரம் என்று கெஞ்ச வேண்டும். அவள் போனை அணைத்துவிடுவாள். ஆள் கிடைக்காதபோது மிஷின் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

"செத்தவன் பேரு என்னான்னு சொல்றது அண்ணி?"

"எதுனா ஒண்ணு சொல்லு."

"எதுனா சொன்னா அந்தப் பேருல எவனாவது நெசமா இருப்பான். பாவம் புடிச்சிக்கும்." பக்கிரி டீயை உறிஞ்சினான். "எம்பேரயே சொல்லிக்கறேன். உசுரோட இருக்கறவன செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டியாவுமாம். ரேகா சமையல்ல போன ஆயுசு கொஞ்சம் திரும்பி வரட்டும்."

"வாய கழுவு. ஆட்டோ வேணாம், பதிவு மட்டும் போதும்னு சொல்லிடு. மறந்துடாத."

"நீ எதுர்ல நின்னா எனக்கு சிரிப்பு வந்துடும்," என்று பக்கிரி தள்ளிப் போய், நிறுத்தியிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் நின்று பேசினான். திரும்பி வந்தபோது அவன் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"நெசமாவே அழுதுட்டேன் அண்ணி. நான் செத்தா ரேகா என்னா பண்ணுவான்னு நெனச்சேன், தானா வந்துடுச்சி." ஸ்டுடியோவிலிருந்து திருப்பிக் கூப்பிட்டால் சிரித்துவிடுவோம் என்று அவனும் போனை அணைத்தான். இருவரும் பொங்கல் சாப்பிட்டார்கள். சாமான் கடையில் பக்கிரி பேரம் பேசி முடிக்க வெயில் ஏறிவிட்டது. அப்புறம்தான் ஸ்டுடியோவுக்கு நடந்தார்கள்.

மாடிப்படியில் பாதி ஏறும்போதே கேட்டது.

"முதுநகர் பக்கிரி அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்..."

எழிலரசி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாய் மூடியிருந்தது. குரல் மேலே பேசிக்கொண்டிருந்தது. ஒரு நொடி தானே மேலே உட்கார்ந்திருக்கிறோமோ என்றுகூட நினைத்துவிட்டாள். பிறகு கோபமும், நாம் நினைத்தது சரியாகப் போயிற்று என்கிற ஒரு திருப்தியும் சேர்ந்து வந்தன. கையெழுத்துக்காக வினோதினி உள்ளே காத்திருந்தாள். எழிலரசி நேராக அவள் முன்னால் போய் நின்றாள்.

"சாவு பேசாதுன்னு சொன்னியே, இது யாரு பேசறது? பேயா?"

வினோதினி முகம் வெளுத்துப்போனது. "நான் இப்பதான் அக்கா வந்தேன். ஒரு நிமிஷம் இருங்க," என்று மடிக்கணினியைத் திறந்து தேடினாள். திரையை எழிலரசி பக்கம் திருப்பினாள். அன்று காலை பக்கிரி பெயரில் வேண்டுகோள் வந்திருக்கிறது. குரலுக்குச் சொந்தக்காரர் அனுமதி இல்லை என்று மிஷின் மறுத்திருக்கிறது. மறுபடி கேட்டிருக்கிறார்கள், மறுபடியும் மறுத்திருக்கிறது. அதே தகவல் எழிலரசியின் போனுக்கும் போயிருக்கிறது. போன்தான் அணைந்து கிடந்தது.

"அப்ப இது எங்கேந்து வந்துச்சி?"

செந்தமிழ்செல்வன் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்திவிட்டு ஹெட்போன் வயரைச் சுற்றினார். "என்னா எல்லாரும் என்னயே பாக்கறீங்க?" என்றார். பிறகு அவரே சொன்னார். "வேற என்னா பண்ணச் சொல்ற தங்கச்சி? ஒம்போனு ஆஃப்பு. அந்த ஆளு குழந்த மாதிரி அழுவறான். இவுங்க மிஷின் முடியாது முடியாதுங்குது. ஒன் பழைய பதிவெல்லாம் எங்கிட்டதான கெடக்கு? இன்டர்நெட்ல சும்மா கெடைக்கற ஒரு ஆப்புல போட்டேன். பத்து நிமிஷத்துல குடுத்துடுச்சி."

எழிலரசி மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். சென்னைக்காரி வாங்கி வந்த இனிப்பைக்கூட அவள் சந்தேகப்பட்டாள். ஆனால் பதினைந்து வருஷமாக அவள் பேசியதெல்லாம் இந்த மனிதரின் கம்ப்யூட்டரில் கிடப்பதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. தங்கச்சி என்று கூப்பிட்டவர் என்பதால்.

"அழுத ஆளு நான்தாங்க," என்றான் பக்கிரி மெல்ல.

"நீயா?" செந்தமிழ்செல்வன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அடப்பாவி! ஒனக்காகத்தான்யா அவசர அவசரமா தேவசகாயம் ஆட்டோவுக்கு அனுப்பி வுட்டேன்."

எழிலரசி பக்கிரி பக்கம் திரும்பினாள். "ஆட்டோ வேணாம்னு சொல்லச் சொன்னனே?"

"சொல்லத்தான் இருந்தேன் அண்ணி. அதுக்குள்ள எந்தத் தெருவுல சுத்தணும்னு கேட்டுட்டாரு. சாவு வூட்டுக்காரன் தெருவ சொல்லலன்னா சந்தேகப்பட மாட்டாரா? மார்க்கெட்லேந்து எங்க தெரு வரைக்கும் விடாம போவச் சொல்லிட்டேன்."

அவள் போனை உயிர்ப்பித்தாள். அடுத்த நொடியே அடித்தது. பக்கிரியின் மனைவி ரேகா. பக்கிரி பாய்ந்து வாங்கினான்.

"ரேகா, நான்தான் பேசறேன். ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்."

மறுபக்கம் அழுகை சட்டென்று நின்றது. பிறகு ரேகா கத்தினாள். "யாருடா நீ? அவரு கொரல்ல பேசறியா? செத்தவரு கொரல வச்சி காசு புடுங்கறானுவன்னு டிவியில காட்டுனாங்கடா. நாசமாப் போவ!"

எழிலரசி போனைப் பிடுங்கினாள். "ரேகா, நான் எழில் பேசறேன். அது நான் சொன்னது இல்ல."

"அக்காதான சொல்லிக்கிட்டு போவுது. இப்பகூட தெருவுல கேக்குது." அவள் குரல் உடைந்தது. "அக்கா கேக்காம சொல்லாது. இல்லங்கற நீ யாரு?"

இணைப்பு அறுந்தது. மறுபடி கூப்பிட்டபோது அவள் எடுக்கவில்லை. தேவசகாயமும் எடுக்கவில்லை. ஸ்பீக்கர் போடும் சத்தத்தில் அவருக்குப் போன் கேட்காது.

"என் கார் கீழ நிக்குது. வாங்க," என்றாள் வினோதினி. இவளுக்கு இதில் என்ன லாபம் என்று அப்போதும் எழிலரசியின் மனம் ஒருமுறை கணக்குப் போட்டது. போட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். பக்கிரி பின்சீட்டில் ஏறினான். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதிலிருந்து, "ரேகாவுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

தெருவில் ஷாமியானா போட்டாகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. புவனகிரியிலிருந்து வந்த தாய்மாமன் கோவிந்தசாமி ஆளுயர மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். காரிலிருந்து பக்கிரி இறங்கியதும் அவனிடமே வந்து, "பாடி எப்பப்பா வருது?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தார். மாலை அவர் தோளிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

"வந்துடுச்சி மாமா," என்றான் பக்கிரி.

யாரோ சிரித்தார்கள், யாரோ கும்பிட்டார்கள். ரேகா வாசலிலிருந்து ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்து மார்பிலும் தோளிலும் மாறி மாறி அடித்தாள். முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி அடித்தாள். பிறகு அவன்மேலேயே சாய்ந்து அழுதாள். அவள் நெற்றியில் பொட்டு இல்லை. யாரோ அவசரக்காரர்கள் அதற்குள் அழித்திருந்தார்கள்.

அதைப் பார்த்த எழிலரசி கிட்டே போனாள். "ரேகா," என்றாள்.

ரேகா திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "ஒங்கொரலு வரலன்னா நான் நம்பியிருக்கவே மாட்டேங்க்கா," என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டோ முக்கில் திரும்பி வந்தது. எழிலரசி குறுக்கே போய் நிறுத்தினாள். தேவசகாயம் அவளைப் பார்த்துத் திகைத்துப் பதிவை அணைத்தார். அவரிடமிருந்து கை மைக்கை வாங்கினாள். "பக்கிரி உயிரோடு இருக்கிறார். காலையில் வந்த செய்தி நான் சொன்னது அல்ல," என்று சொல்லிக்கொண்டே போனாள். இரண்டாவது தெருவில் ஒரு பெண்மணி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது நெசமா, இல்ல இதுவும் மிஷினா?" என்று கேட்டாள். எழிலரசி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மைக்கின் வயர் எட்டும் தூரத்தில், ஆட்டோவுக்கு முன்னால், எல்லோரும் முகத்தைப் பார்க்கும்படி நடந்துகொண்டே சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் அவளுக்குப் பதில் சொல்லாமல், பக்கிரியை நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று அவன் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். அவள் அதைக் கவனித்தாள்.

மார்க்கெட் வரை போய்த் திரும்பியபோது தொண்டை கட்டியிருந்தது. வினோதினி காரில் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தாள். கையெழுத்தைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. எழிலரசிதான், "எடு அத," என்றாள்.

"இன்னிக்கி வேணாம் அக்கா. ஒங்களுக்கு மனசு சரியில்ல."

"மனசு சரியா இருந்தப்பதான் ஏமாந்தேன். நான் சொன்னதுக்கு ஊரே சாட்சி. நான் சொல்லலங்கறதுக்கு இன்னிக்கி ஒரு சாட்சிதான் இருந்துச்சி. அது ஒங்க மிஷின்." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "ஒண்ணு கூட சேத்துக்க. எங்க எம்பேர்ல எது வந்தாலும், இது எழில் குடுத்தது, இது குடுக்கலன்னு யாரு கேட்டாலும் நீங்க சொல்லணும். ரேகா கேட்டாலும் சொல்லணும்."

"சேத்துக்கறேன் அக்கா."

"சரி, மொதல்லேந்து படி."

வினோதினி தாளை எடுத்தாள். எழிலரசி தன் போனை எடுத்து, குரல் பதிவை அழுத்தி, அவள் வாய்க்கு அருகே நீட்டினாள். வினோதினி படிக்க ஆரம்பிக்கவில்லை. போனைப் பார்த்தாள். எழிலரசியைப் பார்த்தாள்.

"இந்தப் பதிவ... என்னா பண்ணுவீங்க அக்கா?"

"ஏன், பயமா இருக்கா?"

வினோதினி கொஞ்சம் தயங்கி, ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அப்ப இந்த பயம் தெரிஞ்சுதான் நீ இந்தத் தொழில் பண்ற," என்றாள் எழிலரசி. நீட்டிய போனை அவள் விலக்கவில்லை. "ஒங்கொரல எது எதுக்கு எடுக்கக் கூடாதுன்னு மொதல்ல நீ சொல்லு. அதுவும் பதியட்டும்."