பரம்பரைச் சைவம்

பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தபோது லீலாதேவி டோஃபுவின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள்.

இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அந்த வெள்ளைக் கட்டி மெல்லத் தண்ணீர் விட்டது. தட்டைச் சாய்த்து வடித்தாள். தண்ணீர் போகாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். கட்டி பொரியாது, அவியும். பிறகு கரண்டி பட்டாலே உதிரும். முதல் வாரம் முழுக்க அப்படித்தான் உதிர்ந்தது.

டோஃபு என்ற பெயரை இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள். சோயா தெரியும். தோட்டத்துக் கடையில் பாக்கெட்டில் தொங்குவது, சுடுதண்ணீரில் ஊறினால் இறைச்சி மாதிரி ஆவது. இதுவும் சோயாதான், அதன் பாலைத் திரித்துக் கட்டியாக்கியது என்று வீட்டுக்காரி முஹ்ஸினா சொன்னாள். பார்த்தால் சீம்பால் அவித்தது போல இருந்தது. வாயில் போட்டால் உப்பும் இல்லை, சப்பும் இல்லை.

"எதோட போட்டாலும் அதோட சேந்துக்குது," என்று லீலாதேவி ஒருநாள் மகளிடம் சொன்னாள். "நல்ல மருமக மாதிரி."

"அப்ப ஒன்னைய மாதிரி இல்லன்னு சொல்லு," என்றாள் லதுஷா.

லீலாதேவி பசறைப் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மழைக்காலத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டது. யாரும் சாகவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இங்கே குடியிருக்கக் கூடாது என்று சொல்லி, சுவரில் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புப் புள்ளடி போட்டார்கள். லயத்துச் சனம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்தது. கணவன் ரமேஸ் கொழும்பில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். மாதம் ஒருமுறை வருவான். வந்தால் படுக்க அவனுக்கும் பள்ளிக்கூட வராந்தாதான்.

பள்ளிக்கூடம் திறக்க வேண்டிய நாள் நெருங்கியது. சோற்றுப் பார்சல் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இப்றாஹீம். பதுளைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர். மகளோடு சுவரோரம் நின்ற லீலாதேவியைப் பார்த்து, தன் வீட்டு மேலறை சும்மா கிடக்கிறது என்றார். வாடகை எவ்வளவு என்று அவள் கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்காமல் மிச்சப் பார்சல்களை வான் வண்டியில் ஏற்றினார்.

அவர் மனைவி முஹ்ஸினா வாசலிலேயே நின்று வரவேற்றாள். தேத்தண்ணி கொடுத்தாள். லதுஷாவின் ஈரத் தலையைத் தன் துவாயால் துவட்டினாள். பிறகு, தயங்கியபடி, நீங்கள் சைவமா என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்விதான். சைவமா, வேதமா? கோயில் ஆட்களும் கேட்டார்கள், சர்ச் ஆட்களும் கேட்டார்கள். லீலாதேவிக்குப் பதில் வாயிலேயே இருந்தது.

"ஆமாங்க. பரம்பரையாவே சைவம்."

முஹ்ஸினா தலையாட்டினாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவளுடைய மகன் இன்பாஸ் சுத்தியலோடு மேலே வந்து, சாமிப் படம் மாட்ட எந்தச் சுவர் தோது என்று கேட்டு, ஆணி அடித்துக் கொடுத்தான். அன்றைக்கு ராத்திரி லீலாதேவி அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டுக்காரர்கள் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

இரண்டாம் நாளிலிருந்து டோஃபு வந்தது.

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கொடுக்க அவள் இருட்டோடு பஸ் ஏறுவாள். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிவரப் பொழுது சாய்ந்துவிடும். முஹ்ஸினா பகல் முழுவதும் தையல் மெஷினில் இருப்பாள். இருவருக்கும் முதுகு வலிக்கிற நேரத்தில்தான் சமையல். சீக்கிரம் முடிகிற கறிதான் சரிப்படும். முஹ்ஸினா கொழும்பு நாத்தனாரிடம் போனில் கேட்டுக் கேட்டு ஆரம்பித்தாள். டோஃபுவை அப்படியே தேங்காய்ப்பாலில் போட்டாள். ரம்பை இலை போட்டாள், கறுவாப்பட்டை போட்டாள். கறி வாசமாக இருந்தது. கட்டி மட்டும் குழைந்து காணாமல் போனது.

குழவியை ஏற்றும் யோசனை லீலாதேவியுடையது. தண்ணீர் வடித்து, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி, பொரித்து எடுத்துவிட்டு, அதன் பிறகு பாலில் போட்டாள். உடையவில்லை. அடுத்த நாள் லீக்ஸ் தாளித்து அதில் கொட்டினாள். ஒருநாள் கறிமிளகாயும் தக்காளியும் பெரிய வெங்காயமும் போட்டுக் காரமாகப் பிரட்டி டெவல். ஒருநாள் முருங்கைக் கீரையோடு. நேரமில்லாத நாளில் பொடியாக உதிர்த்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கி, ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டினாள். உலை கொதித்துச் சோறு வடிக்கிற நேரத்துக்குள் கறி இறங்கிவிடும்.

முஹ்ஸினா வெங்காயம் அரிவாள். லீலாதேவி அடுப்பில் நிற்பாள். ஒருத்தி தோட்டத்துக் கதை சொல்வாள், ஒருத்தி தைக்கக் கொடுத்துவிட்டு அளவை மாற்றுகிற பெண்களைத் திட்டுவாள். லீலாதேவிக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. மழை பெய்தால் மழை மட்டும்தான் பெய்தது. மேலே லதுஷா படிக்கிற சத்தம் கேட்டது. ஒருநாள் கடுகு வெடிக்கக் காத்திருக்கும்போது, தான் பயப்படாமல் நின்றுகொண்டிருப்பது அவளுக்கே தெரியவந்தது.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. தட்டுகள்.

அவளுக்கும் லதுஷாவுக்கும் வேறு தட்டுகள். புதியவை, நீலக் கரை போட்டவை. அவற்றைத் தனியாகக் கழுவி, தனி அடுக்கில் வைத்தாள் முஹ்ஸினா. சட்டியும் புதிது. ஆனால் அந்தச் சட்டியில் ஆக்கியதை எல்லோரும் சாப்பிட்டார்கள். தட்டு மட்டும் வேறு. தோட்டத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் அம்மா துரை பங்களாவில் வேலை செய்த காலத்தில், பின்கதவருகே அம்மாவுக்கென்று ஒரு தகரக் கோப்பை கவிழ்ந்திருக்கும்.

தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இல்லை. அதையும் கவனித்தாள். மாசி விற்கிற விலைக்கு, வந்தவர்களுக்கெல்லாம் போட முடியுமா என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். லதுஷா ஒருமுறை கருவாடு என்று வாயெடுத்தபோது தொடையில் கிள்ளினாள். போட்டதைச் சாப்பிடு. உயிரோடு இருக்கிறோம், அதுவே பெரிசு.

அந்த வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தூறலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஒரு சாப்பாட்டுக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இப்றாஹீம் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்பாஸும் சின்னவள் றுஷ்தாவும். நடுவில் மாட்டிறைச்சிக் கொத்துரொட்டி, ஆவி பறந்தது. றுஷ்தா நிமிர்ந்தாள். லீலாதேவியைக் கண்டதும் சாப்பாட்டுக்கு முன்னால் கையை வைத்து மறைத்தாள். இப்றாஹீம் பாதி எழுந்தார்.

லீலாதேவி காணாதவள் போல நடந்தாள்.

ராத்திரி அந்த மூன்று பேரும் அவளோடு உட்கார்ந்து டோஃபு சாப்பிட்டார்கள். பசியில்லை என்றார் இப்றாஹீம். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் மேலே போய்ப் படுத்தாள். முதலில் வந்தது கோபம். நல்லதை ஒளித்துத் தின்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபம் வெட்கமாக மாறியது. அவர்கள் வீடு, அவர்கள் காசு. நம்மால் அந்தப் பிள்ளைகள் சொந்த வீட்டில் வாய்க்குப் பிடித்ததைத் தின்ன முடியாமல், களவாணி மாதிரி கடைக்குப் போகிறார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். அவள் வந்து அதற்கெல்லாம் மேலே ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை கங்காணியிடம் விசாரித்தாள். சில குடும்பங்கள் லயத்துக்குத் திரும்பிவிட்டன என்றார் அவர். வெடிப்பில் மண் போட்டு மூடி, மேலே தார்ப்பாய் விரித்திருக்கிறார்களாம். மழை வந்தால் ஓடிவிடலாமாம். அவர் சொன்ன விதத்தில் அவருக்கே நம்பிக்கையில்லை. போனில் ரமேஸ் பைத்தியமா உனக்கு என்றான். மலை மனிதரைக் கேட்டுக்கொண்டு இறங்காது என்றான். அடுத்தவர் வீட்டில் பாரமாக எத்தனை நாள் இருப்பது என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

அன்று மாலை துண்டுகளை எண்ணெயில் போட்டுவிட்டு, திரும்பாமலே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம நாங்க லயத்துக்கே போயிர்றோங்க."

முஹ்ஸினாவின் கத்தி நின்றது. போகலாம் என்று அதிகாரிகள் சொன்னார்களா என்று கேட்டாள். இல்லை, மற்றவர்கள் போயிருக்கிறார்கள் என்றாள் லீலாதேவி. அந்த மலை என்ன ஆனது என்று முஹ்ஸினா கேட்டாள். அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்றாள். எங்கள் பிள்ளைகள் ஏதாவது சொல்லிவிட்டார்களா என்று முஹ்ஸினா கேட்டபோது அவள் குரல் உடைந்தது. அதற்கு மேல் லீலாதேவியால் அடக்க முடியவில்லை.

"எங்களுக்குப் பங்கு வைக்க வேணாங்க. ஒங்க வீட்ல நீங்க இறைச்சி ஆக்கித் திங்கலாம்ல. புள்ளைங்க எதுக்குக் கடைக்குப் போய் ஒளிஞ்சு திங்கணும்?"

"ஒங்கட முன்னுக்கா? பாவமில்லையா? நீங்க சைவம்."

"சைவம்னா?"

"நீங்கதானே சொன்ன. பரம்பரையா எண்டு வேற சொன்ன."

லீலாதேவி திரும்பினாள். "வேதமில்ல, சைவம்னு சொன்னேங்க. சர்ச்சுக்குப் போறவங்க இல்ல, சாமி கும்புட்றவங்கன்னு."

முஹ்ஸினா அவளையே பார்த்தாள். "அப்ப இறைச்சி?"

"கோழி திம்போம். ஆடு திம்போம். மீனு, கருவாடு எல்லாந் திம்போம். மாடு மட்டுந்தாங்க தொடமாட்டோம்."

"மாசி?"

"மாசி இல்லாம சம்பலா?"

முஹ்ஸினா கத்தியை வைத்தாள். பலகையில் உட்கார்ந்தாள். முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடிந்தபோது கண் நனைந்திருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சைவம் என்றால் அவளுக்குத் தெரிந்தது கடைவீதிச் சைவச் சாப்பாட்டுக்கடைப் பெயர்ப்பலகைதான். இறைச்சி ஆக்கிய சட்டி பானைகளை அவர்கள் வந்த அன்றே கழுவிப் பரணில் ஏற்றினாள். பழைய தட்டுகள் எல்லாம் மாட்டிறைச்சி பட்டவை. கழுவினாலும், தெரியாமல் அவர்களை அதில் தின்ன வைத்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? அதனால் புதுத் தட்டுகள். மறந்துபோய் யாரும் கலந்துவிடக் கூடாதென்று தனி அடுக்கு. மாசி டின்னைக்கூட ஒளித்து வைத்தாள். அவர்கள் இருக்கும்வரை இந்த வீட்டுக்குள் இறைச்சி வரக் கூடாது என்று கணவனிடம் சொன்னாள். அது சரி என்றார் அவர். றுஷ்தா மட்டும் அழுதாள். அதற்காகத்தான் வாரத்தில் ஒருமுறை கடை. நேற்று லீலாதேவி பார்த்துவிட்டாளே, மனம் புண்பட்டிருக்குமோ என்று மனுசன் ராத்திரி தூங்கவில்லை.

லீலாதேவி நீலக் கரைத் தட்டுகளைப் பார்த்தாள். அம்மாவின் தகரக் கோப்பையைப் பற்றி இந்தப் பெண்ணிடம் தான் ஒருநாளும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. நன்றி என்பது மேடையில் பேசுகிறவர்களின் சொல். லயத்தில் யாரும் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. சட்டியில் ஒரு பக்கம் கருகத் தொடங்கியிருந்தது. அவசரமாகப் புரட்டிவிட்டாள். கருகாத துண்டாகப் பார்த்து எடுத்து, ஊதி, முஹ்ஸினாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

முஹ்ஸினா கணவனைக் கூப்பிட்டுக் கதையைச் சொன்னாள். இப்றாஹீம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு நாளும் நான் சோயா தின்றேன் என்று மட்டும் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு தன் காதிலும் விழுந்தது என்றார். ரமேஸின் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன் என்றார்.

பொரித்த வாசத்துக்கு றுஷ்தா வந்துவிட்டாள். பின்னாலேயே இன்பாஸ். ஆளுக்கொரு கையாகத் தட்டிலிருந்து அள்ளினார்கள். கறிக்கு வேண்டும் என்று லீலாதேவி சொல்வதற்குள் பாதி போய்விட்டது. இன்றைக்கும் டெவல்தானே என்று கேட்டான் இன்பாஸ். நேற்றைய டெவல் மிச்சத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டாளிகளிடம் கோழி என்று சொல்லிக் கொடுத்ததாகவும், ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை என்றும் சொன்னான்.

முஹ்ஸினா எழுந்து மிச்சத் துண்டுகளைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் எடுத்து வைத்தாள். லீலாதேவியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்கு நான் கோழி ஆக்குறன். அது எனக்குத் தெரியும். நீங்க போயிட்டா, இந்தப் புள்ளைகளுக்கு இத யாரு பொரிச்சிக் குடுக்கிற?"