சாராள் வீட்டுத் தண்ணீர்

கம்பெனிக் கழிவு இறங்கி எங்கள் தெரு அடிபம்பெல்லாம் மஞ்சளாகக் கக்குகிறது. செய்த பாவத்துக்குத்தான் கம்பெனிக்காரன் லாரியில் தண்ணீர் அனுப்பினான். நிலத்தடி நீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்க ஒரு நாள் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். கெட்டது என்று ரிப்போர்ட் போனால் லாரி வரும், இல்லையென்றால் நிற்கும். பக்கத்து வீட்டுச் சாராளின் மகள் ஏஞ்சலினுக்கு உடம்பெல்லாம் புண். பம்புத் தண்ணீர் பட்டாலே அலறும் அந்தக் குழந்தை.

வந்த மகராசன் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. வெயிலாம்! தெருவுக்கு ஒரு பாட்டில் போதுமென்று, எதிரே நின்ற சாராளிடம் நீட்டினார். "உங்க பம்புல பிடிச்சிட்டு வாம்மா."

ஊருக்குப் புதிதாக வந்த மனிதர் கேட்கிறார், நாற்றத்தையா கொடுப்பது என்று சாராளுக்கு வெட்கம். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, குடத்திலிருந்த லாரித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி நிரப்பினாள். அதைப் பெருமையாகச் சொல்லவும் சொன்னாள். "பம்புத் தண்ணி நாறும் சார். லாரித் தண்ணியா புடிச்சினு வந்துக்கிறேன்."

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். மூடியை இறுக்கி, 'அடிபம்பு, சாராள் வீடு' என்று எழுதி ஒட்டினார்.

நான் கத்திக்கொண்டு ஓடினேன். "யோவ், அது பம்புத் தண்ணி இல்லய்யா!"

"சீல் வச்சாச்சும்மா" என்றார். ஜீப் போய்விட்டது.

"அறிவு கெட்டவளே, அவன் இன்னா விருந்துக்கா வந்தான்?" என்று சாராளைத் தெருவே கேட்க ஏசினேன்.

அடுத்த மாதம் லாரி நின்றது. சாராள் மஞ்சள் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனாள். நானும் போனேன். அதே ஆள் வெளியே வந்தார்.

"உங்க வீட்டுத் தண்ணி சுத்தம்னு ரிப்போர்ட் இருக்கேம்மா. அன்னைக்கும் நீங்கதானே பிடிச்சுக் குடுத்தீங்க?"

சாராள் மஞ்சள் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். வெயிலில் நடந்து வந்ததில் அவள் உதடு காய்ந்திருந்தது.

"பாவம், அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணி குடுப்பா" என்றார் வாட்ச்மேனிடம்.

ஒரு தம்ளரில் கண்ணாடி போலத் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பைத்தியக்காரி, நான் தடுப்பதற்குள், கையிலிருந்த மஞ்சள் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுக் காலி பாட்டிலை நீட்டினாள்.

"இதுல ஊத்துங்க சார். கொயந்தைக்கு எடுத்துனு போறேன்."

"அதெல்லாம் கூடாது. இங்கயே குடிச்சிட்டுப் போம்மா" என்றார் அவர்.




சாராள் குடிக்கவில்லை. வாட்ச்மேன் தம்ளரிலிருந்த தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றினான்.