மூடிக்கு அடியில் ஒரு குமிழி

வால்விஸ் பே சிப்பிப் பண்ணையின் படகுத்துறையில் பேருந்து வந்து நின்றுவிட்டது. நெலாகோவின் அண்ணன் ஹபேனியை மறுநாள் வடக்கே, சொந்த ஊரில் அடக்கம் செய்கிறார்கள். வருஷக்கணக்கில் அவனோடு சிப்பிக் கூடை இழுத்த ஆட்கள் கறுப்புச் சட்டையில் காத்திருந்தார்கள். சவப்பெட்டியை அவர்கள்தான் தூக்குவதாகப் பேச்சு.

கடல்நீரை அளந்து பார்ப்பது நெலாகோவின் வேலை. சில நாட்களாகக் காற்று இல்லை. கடல் வெளுத்த பச்சையாகக் கிடந்தது. அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் கயிறுகளில் தொங்கும் சிப்பி அத்தனையும் மூச்சு முட்டிச் சாகும். இருட்டுவதற்குள் கூடைகளைக் கரைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். அப்படி நேர்ந்தால் ஒருவரும் அடக்கத்துக்குப் போக முடியாது.

படகில் இருந்தபடியே அடிநீரைச் சீசாவில் பிடித்தாள். சோதனை மருந்து இரண்டையும் விட்டு, மூடி, கவிழ்த்துக் குலுக்கினாள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். இல்லையென்றால் வெள்ளை.

பழுப்பாகத் திரிந்தது.

படகோட்டிய மேஸ்திரி தாங்கேனி எட்டிப் பார்த்துவிட்டுக் கரைக்குக் கையசைத்தான். ஆட்கள் பைகளை எடுத்தார்கள்.

சீசாவைப் பெட்டியில் வைக்கப் போனவள் நின்றாள். மூடிக்கு அடியில் ஒரு குமிழி. மொச்சைக்கொட்டை அளவு. மூடியைச் சாய்த்துச் செருகியிருக்க வேண்டும். அவசரத்தில் நேராக அழுத்திவிட்டாள். அந்தப் பழுப்பு கடல் தந்ததா, குமிழிக் காற்று தந்ததா என்று இனிச் சொல்ல முடியாது.

அவளைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.

இன்னொரு தடவை பிடிக்க வேண்டும் என்றாள்.

"ஏன் மேமே, உன் சீசாவுக்கு நேரங்காலமே கிடையாதா? பஸ்காரன் ஹார்ன் அடிச்சிக்கிட்டே இருக்கான்," என்றான் தாங்கேனி. அவர்கள் பேச்சில் மேமே என்றால் அம்மா.

குமிழியைக் காட்டினாள். அவன் கரையைப் பார்த்துப் பொறுங்கள் என்று கை காட்டினான்.

இரண்டாவது சீசா கஞ்சித் தண்ணீர்போல வெளுத்தது.

கரையில் அவளே சொன்னாள். சவப்பெட்டியை யார் தூக்குவது என்று எரஸ்துஸ் கேட்டான். ஊரில் மைத்துனர்கள் இருக்கிறார்கள் என்றான் ஷிவூட்.

"ஹபேனி இருந்தா இந்நேரம் நம்மளத் திட்டிக்கிட்டே தண்ணில இறங்கியிருப்பான்," என்றான் தாங்கேனி. "சட்டையக் கழட்டுங்கடா."

அவளிடம் திரும்பினான். "நீ போ மேமே. எங்க பேருக்கும் ஒரு பிடி மண்ணு போடு."

அவ்வளவு பெரிய பேருந்தில் அவள் ஒருத்தி. வளைவு திரும்பும்போது முதல் கூடைகள் கரையேறுவது தெரிந்தது. ஆக்சிஜன் தீர்ந்த கடலிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது. ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றினார்.

மறுநாள் குழிக்கருகே ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நெலாகோ நகரவில்லை. தாங்கேனி என்று சொல்லி ஒரு பிடி போட்டாள். எரஸ்துஸ் என்று ஒரு பிடி. ஷிவூட் என்று ஒரு பிடி. பின்னால் வரிசை நின்றுவிட்டது. போதகர் வேதாகமத்தை மூடி மார்போடு வைத்துக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

தன் பெயருக்குக் கடைசியாகப் போட்டாள்.